நாரைக்கு ஆகாத மீன்

சாக்லேட்டை உருக்கும்போது அவசரப்படக்கூடாது, அம்மா. எழுபது வயதைத் தாண்டிய பிறகே இதை நான் கற்றுக்கொண்டேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் கருகிவிடும். கொதிக்கும் நீரின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, ஆவியின் சூட்டில் இளக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் மொத்தமும் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். பிறகு அதைக் கருங்கல் பலகையில் ஊற்றி, பரப்பியும் கூட்டியும், மீண்டும் பரப்பியும் ஆற்ற வேண்டும். அப்போதுதான் பளபளப்பு வரும். உடைத்தால் சுள்ளி ஒடிவதுபோல் ஒலிக்கும். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று வகுப்பில் கேட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

முறைப்படி தொடங்குகிறேன். என் பெயர் சுந்தரமூர்த்தி. செஞ்சியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நாலு வரி பிழையின்றி எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். உங்கள் எழுத்தர் தம்பியையும் சேர்த்துத்தான், அவர் எழுதுவதைப் பார்த்தால் நம்பச் சிரமமாக இருந்தாலும். யாரும் அழைக்காமல் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருப்பதற்குக் காரணம் ராஜம்மாள். சமையல்காரி என்ற ஒரே காரணத்துக்காக அவளைக் காலையிலிருந்து வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது நியாயமல்ல. அவள் நல்லவள். தவிரவும், இப்படி ஒன்றைத் திட்டமிட்டுச் செய்யும் அளவுக்கு அவளுக்கு யோசனை போதாது.

ராஜம்மாள் வேலை செய்யும் வீட்டுக்காரி ஷோபனா, என் பழைய மாணவி. திருவண்ணாமலைச் சாலையில், ராஜகிரி மலை தெரியும்படி, தோட்டத்தோடு கூடிய வீடொன்றை வாங்கி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கோட்டையில் கால்பங்கு ஏறுவார்கள், மூச்சு வாங்கும், படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மீதிப் பொழுதை என்ன செய்வது? அதற்காக அவள் கண்டுபிடித்ததுதான் இந்த வகுப்பு. காலையில் தம் கையாலேயே சாக்லேட் செய்வது, மாலையில் வைன் சுவைப்பது. இடையில் உள்ளூர் மணம் வேண்டும் என்பதற்காக நான். கோட்டையைப் பற்றி இரண்டு செய்தி, ஒரு மிருகக் கதை. இலை, பூ, பழம் மாதிரி என்னையும் தட்டில் வைத்திருந்தாள்.

வைன் சுவைப்பதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கோப்பையைச் சுழற்றுகிறார்கள், மூக்கை உள்ளே விடுகிறார்கள், வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிறார்கள், பிறகு வாளியில் துப்புகிறார்கள். பல் துலக்கும்போது நாம் எல்லோரும் அன்றாடம் செய்வதுதான். அதற்கு வகுப்பு நடத்தலாம் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஒரு பெண்மணி கண்களை மூடிக்கொண்டு, "ஈர மண்ணு வாசனை வருது, அப்புறம் கொஞ்சம் பழைய லெதர்" என்றார். என் பழைய செருப்பு வாசலில்தான் கிடந்தது. அதை முகர்ந்து பார்க்க ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் புட்டிகளுக்கு அனுமதி இருந்ததா என்று ஷோபனாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறவன் அல்லன்.

அந்தப் பெண்மணியின் பெயர் மஞ்சு. இறந்துபோன நெடுமாறனின் மனைவி.

நெடுமாறன் அனந்தபுரத்துக்காரர். வேளாண்மைக் குடும்பம். அவர் பிறந்த வீட்டின் மூன்று பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலையை நாம் அப்படித்தான் சொல்கிறோம். நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் விளக்குகிறேன். இப்போது சென்னையில் ஏதோ நிறுவனத்தில் வேலை. சொந்த ஊருக்கு இவ்வளவு அருகில் வந்து, வாடகை கொடுத்துத் தங்கி, அதற்கு விடுமுறை என்று பெயர் வைத்துக்கொள்கிற மனிதர். சனிக்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன்பே எழுந்து நின்று எல்லோருக்கும் அறிவித்தார்.

"எனக்கு மல்லாட்டை ஆகாது. துளி உள்ள போனாலும் மூச்சு அடச்சுடும். சின்ன வயசுல ஒண்ணும் இல்ல, காலேஜ் முடிச்சப்புறந்தான் ஆரம்பிச்சுது. ஒரு வாட்டி ஐசியூ வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

ராஜம்மாள் வாய்விட்டே கேட்டாள். "இன்னா சார், அனந்தபுரத்துல பொறந்துட்டு மல்லாட்டைக்கா பயப்படுற? ஒங்க ஊர்ல கொழந்தைக்குப் பாலுக்கு அப்புறம் அதத்தான குடுப்பாங்க."

"எனக்கும் குடுத்தாங்கம்மா. இப்ப குடுத்தா நேரா பாலு ஊத்தணும்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் சிரிக்க வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

இருபது வயது வரை உணவாக இருந்தது அதற்குப் பிறகு நஞ்சாகுமாம். நகரத்தில் ஒரு வீட்டை வாங்கியதும் பால் ஆகாது, கோதுமை ஆகாது, வெயில் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகாமை என்பது இப்போது ஓர் அணிகலன். ஆனால் ஷோபனா நம்பிவிட்டாள். ராஜம்மாள் அரைத்து வைத்திருந்த மல்லாட்டைச் சட்னியைக் கொட்டச் செய்தாள்; கடலை எண்ணெயை வெளியேற்றி நல்லெண்ணெய் வாங்கினாள்; கருங்கல் பலகையை மூன்று முறை கழுவினாள். "என் கிச்சன்ல இனிமே அந்தப் பேச்சே கெடையாது சார், தைரியமா சாப்பிடுங்க" என்று வாக்குக் கொடுத்தாள். ஒரு மனிதரின் பாவனைக்காக ஒரு சமையலறையே முழங்காலிட்டது.

ஆகவே அன்று மாலை அவருக்காகவே ஒரு கதையை அமைத்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் யாரையும் பிரம்பால் அடித்ததில்லை, அம்மா. கதையால்தான் திருத்தியிருக்கிறேன்.

பனமலை ஏரியில் ஒரு நாரை இருந்தது. சில காலம் நகரத்துக் குளமொன்றில் தங்கிவிட்டுத் திரும்பிய அது, தனக்கு மீன் ஆகாது, தின்றால் உடம்பு தடித்துவிடும் என்றது. மற்றப் பறவைகள் வியந்துபோய் அதற்குப் பழம் பறித்து வந்தன. ஏரிக்கரையில் மீன் வாடையே கூடாதென்று நீர்க்காக்கைகளை விரட்டின. ஒரு முதிய ஆமை மட்டும் பழமொன்றைக் குடைந்து, உள்ளே கெண்டைக் குஞ்சு ஒன்றை வைத்துக் கொடுத்தது. விழுங்கிய நாரை, இதுபோன்ற இனிய பழத்தைத் தான் உண்டதே இல்லை என்றது. ஆமை உண்மையைச் சொன்னது. நாரை வெட்கித் தலைகுனிந்து, அன்று முதல் ஒழுங்காக மீன் தின்றது.

கதை முடிந்ததும் நெடுமாறன் கோப்பையைக் கீழே வைத்தார். "சூப்பர் சார். ஒரே ஒரு டவுட்டு. அந்த நாரைக்கு நெஜமாவே ஆகாதுன்னு வச்சுக்குங்க. அது பொட்டுனு செத்துப்போயிருந்தா ஆமை இன்னா சார் பண்ணியிருக்கும்?"

"ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கும். வேற இன்னா பண்ணும்," என்றார் மஞ்சு.

சிரித்தார்கள். ஷோபனாவும் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை நான் பொருட்படுத்துகிறவன் அல்லன். வகுப்பறையில் சிரிப்பு என்பது காற்று மாதிரி; வரும், போகும். அவர் சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசைப் பற்கள் முழுவதும் தெரியச் சிரித்தார். கடைவாயில் ஒரு பல்லுக்கு வெள்ளி அடைத்திருந்தது. நான் புறப்படும்போது ஷோபனா வாசல் வரை வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குக் கத வேணாம். டேஸ்டிங்கே லேட்டாயிடும். நீங்க சும்மா வந்து உக்காந்துக்குங்க, போதும்."

இதனால் எனக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் செய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. என் கவலையெல்லாம் அந்த மனிதரைப் பற்றியதுதான். பொய்யான பயமொன்றை வாழ்நாள் முழுவதும் சுமக்கப் போகிறாரே என்று இரக்கமாக இருந்தது.

மறுநாள் காலை கடைத்தெருவில் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினேன். எள், ஏலக்காய், பனைவெல்லத்தோடு சேர்த்து என் வீட்டு மிக்ஸியில் அரைத்தேன். ஷோபனாவின் சமையலறையை நான் அசுத்தம் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அவள் கொடுத்த வாக்கு இன்றுவரை பொய்யாகவில்லை. அன்றைய பாடம், அவரவர் விருப்பப்படி பூரணம் வைத்துச் செய்வது. நான் இரண்டு பூரணம் கொண்டுபோயிருந்தேன். மல்லாட்டை கலந்ததை ஒரே ஒரு சாக்லேட்டில்தான் வைத்தேன். மற்றவர்களுக்குக் கலக்காதது. மற்றவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லையே.

மாலையில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் செய்ததை மற்றவர் வைனோடு சுவைத்து அடையாளம் சொல்லும் விளையாட்டு. படித்தவர்கள், பொறுப்பான பதவியில் இருப்பவர்கள், துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து காத்திருந்தார்கள். நெடுமாறன் மட்டும் என் முறை வந்தபோது துண்டை நெற்றிக்கு உயர்த்தினார்.

"சார், இதுல இன்னா போட்டிருக்கீங்க?"

"ஏலக்காய், எள், பனைவெல்லம்," என்றேன்.

"எள்ளு ஒண்ணும் பண்ணாது எனக்கு. வேற எதுவும் இல்லியே?"

மஞ்சு குறுக்கிட்டார். "வாத்தியார் சொல்றாருப்பா. அவரையே செக் பண்ணுவியா நீ?"

அவர் துண்டை இறக்கிக்கொண்டார். நானே என் கையால் ஊட்டினேன். மென்று விழுங்கிவிட்டு, "இதான் சார் ரெண்டு நாள்ல பெஸ்ட்டு" என்றார். பார்த்தீர்களா? நாரை சொன்னதேதான். அங்கேயே உண்மையை உடைத்திருப்பேன்; ஆனால் ஷோபனா அடுத்த புட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் பேசும்போது இடையில் புகுவது என் வழக்கமல்ல.

முதலில் உதட்டைத் தேய்த்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். முகம் சிவந்தது. எல்லோரும் வைன் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். "துப்பச் சொன்னா நீ முழுங்கிட்டே இருந்தல்ல, நல்லா வேணும்" என்று மஞ்சு தோளில் தட்டினார். அவர் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பு ஒரு விசில் சத்தமாக வெளிவந்தது. மஞ்சு துண்டைப் பிடுங்கி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், உங்க சாக்லேட்ல மல்லாட்டை கலந்திருக்கா? சொல்லுங்க சார், கோவப்பட மாட்டேன்."

இல்லை என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஆம் என்று நான் சொல்லியிருந்தால், மல்லாட்டை தின்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவருக்கு வருவதெல்லாம் பயத்தால் வந்ததா, பண்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். தேர்வு நடக்கும்போது விடையைச் சொல்லக்கூடாது. "எங்க கிச்சன்ல அது இல்லவே இல்ல மேடம்" என்று ஷோபனாவும் அழாத குறையாகச் சொன்னாள். பாவம், அவள் சொன்னது உண்மை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாணவன் நடிக்கும்போது ஆசிரியர் முதலில் கண்ணை விலக்கக்கூடாது, நானும் விலக்கவில்லை. மஞ்சு அவரை மடியில் தாங்கிக்கொண்டு, மூச்சு அடைத்தால் குத்தும் ஊசி தங்கள் அறையில், கைப்பையில் இருக்கிறது என்று கத்தினார். இங்கே பயமில்லை என்று நம்பி அதைக் கூடவே எடுத்து வராமல் விட்டிருக்கிறார்கள். ஷோபனா ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். கை ஒழிந்திருந்தவன் நான் ஒருவன்தான். "நீங்கள் அவரோடு இருங்கள் அம்மா, நான் எடுத்து வருகிறேன்" என்றேன்.

அறை தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. பை கட்டிலின் மேலேயே கிடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, குளியலறைக் குழாய் சரியாக மூடப்படவில்லை. ஆளில்லாத அறையில் இப்படி. எல்லாவற்றையும் நிறுத்தினேன். குழாயை இறுக்கினேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பிறகு நடந்து வந்தேன். மஞ்சு பையைப் பிடுங்கி, அவர் தொடையில் ஊசியைக் குத்தினார். அதற்குள் அந்த உடம்பு எதையும் கேட்டுக்கொள்ளும் நிலையைத் தாண்டியிருந்தது.

இதுதான் நடந்தது. நெடுமாறனுக்கு அந்தச் சாக்லேட்டைக் கொடுத்தது நான். கேட்டபோது இல்லை என்றதும் நான். ராஜம்மாளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எனக்கு முழங்கால் வலி ஏதும் இல்லை. இன்றும் காலையில் மலையடிவாரம் வரை நடந்துவிட்டுத்தான் வருகிறேன். ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓடியிருந்தால், அவர் சொன்னதை நான் நம்பியதாக ஆகிவிடும் அல்லவா.