பார்த்துப் போட்டது

என் வாக்கின் விலை ஒரு வாட்டர் பம்ப், இன்ஸ்பெக்டர் ஐயா. அதுவும் தள்ளுபடி போக. போன வருடம் என் பட்டறையில், என் தங்கையின் கணவர் வேனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். எங்களுடையது வியாபாரக் குடும்பம், கை சும்மா இருக்காது. மாப்பிள்ளை பழையதை வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார்; அதில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போடவில்லை, சிரித்தார். அன்றிலிருந்து உறவுக்காரர் யார் வீட்டில் கூடினாலும் அந்தப் பம்பும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்துவிடும்.

வேன் சூடாகி ஹெட் கேஸ்கெட் போனபோதும் என்னிடமேதான் வந்தார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க, டைமிங் பெல்ட் என்கிற பல் வைத்த ரப்பர் பட்டையைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பெல்ட்டைப் பின்பக்கமாக மடித்துப் பார்ப்பது என் வழக்கம். மடித்தேன். ஒவ்வொரு பல்லின் அடியிலும் வெடிப்பு.

சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மச்சான், எது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை எப்படியும் மாத்தத்தானே போறீங்க."

என் ஆட்கள் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கொஞ்சம் பார்த்துப் போடு. அவர் மலையில ஓட்டுறவர்."

எங்கள் வீட்டில் 'பார்த்துப் போடு' என்றால் விலையைக் குறை என்று பொருள். கடைத்தெருவில் வளர்ந்தவள் வேறெதைக் கேட்பாள்? மலை என்றதையும், கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று கோல் வைத்துப் பார்த்தேன். புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினேன். அதில் குறை சொல்ல முடியாது, பிரித்துப் பார்க்கலாம். பிறகு அந்தப் பழைய பெல்ட்டையே மாட்டி மூடினேன். அறுந்தால் இன்ஜின் நின்றுவிடும், நடுவழியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார், அன்றைக்கு யார் சிரிப்பது பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு.

ஒன்பதாம் நாள் மலை இறக்கத்தில் பெல்ட் அறுந்தது. இன்ஜின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன். வேனின் கதவை அறுத்து மாப்பிள்ளையை எடுத்தபோது உயிர் இல்லை.

நேற்று தங்கை ஒன்றுதான் கேட்டாள். "அந்த பெல்ட்டை நீ பார்த்தியா அண்ணா?"

பார்த்தேன் என்றேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பில் உங்கள் மேசையில் இருக்கிறது. கேஸ்கெட், ஆயில், கூலி, எல்லாவற்றிலும் அவள் கேட்டபடி குறைத்திருக்கிறேன். கூட்டிப் பாருங்கள், ஐயா. பெல்ட்டுக்கென்று ஒரு காசுகூட நான் வாங்கவில்லை.