சகதியில் போன செம்பு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய சபாபதி ஐயா அவர்களே, செந்தூலிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் குடைகளைக் காலடியிலும் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி இருந்தும் பின்னால் நின்றபடியே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் லோகேஸ்வரியின் வணக்கம்.

செயலாளர் குமுதா சற்றுமுன் பொன்னாடையைத் தலைவர் கையில் கொடுத்து எனக்குப் போர்த்தச் சொன்னார். பேச்சு முடியட்டும் என்று தடுத்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பகாங் மலையில் நம் கூட்டுறவுச் சங்கம் குத்தகைக்கு எடுத்த பாறையிலிருந்து செம்பை எந்த முறையில் பிரிப்பது? அதை இன்று நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப் போகிறீர்கள். ஆலை ஒருமுறைதான் எழும். தவறாக எழுந்தால் உங்கள் உழைப்பு அந்த மலையிலேயே துருப்பிடித்து நிற்கும். தாதுப் பொறியாளர் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். விருப்பு வெறுப்பின்றிச் சொல்கிறேன்.

முதலாவது, எடையை நம்பும் முறை. அரைத்த பாறைத்தூளைத் தண்ணீரோடு குலுக்கு மேசையில் விடுகிறோம். கனமானது தங்கும், இலேசானது கழுவிப் போகும். அரிசி களையும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? ரசாயன மருந்து வேண்டாம், மின்சாரமும் குறைவு. இந்நாட்டு வெள்ளீயம் இப்படித்தானே பிரிந்தது? நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்கே அப்படித்தானே வளர்ந்தது?

இரண்டாவது, நுரையை நம்பும் முறை. மாவாக அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலக்கி, சிறிது மருந்து சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறோம். மருந்து பட்ட செம்புத்துகள் தண்ணீரை விட்டு விலகும், குமிழியைப் பற்றும், நுரையோடு மேலேறும். கனமானது மிதக்கிறது, இலேசானது மூழ்குகிறது. மேலே திரளும் நுரையை வழித்தெடுக்க வேண்டியதுதான்.

நம் தலைவர் ஈயச் சுரங்க லம்பத்தில் வளர்ந்தவர். அவருக்கு மேசைமேல்தான் நம்பிக்கை. செலாயாங்கில் என் சோதனைக் கொட்டகைக்கு வந்து, தம் கையாலேயே தூளைக் கொட்டினார். மேசையில் செம்புத்தாது பித்தளை நிறத்தில் ஒரு கோடாக விழுந்தது.

"பாத்தீங்களாம்மா? ஈயம் மாதிரியே வரி கட்டுது."

அவர் கண் கோட்டில் இருந்தது. என் கண் வடிந்தோடும் தண்ணீரில் இருந்தது. அதை ஒரு தோங்குப் பீப்பாயில் பிடித்து வைத்தேன்.

"அது வெறும் சகதிம்மா. லம்பத்துல யாரு சகதிய எடுத்து வைப்பாங்க?"

"இருக்கட்டும் ஐயா. ஈயம் வேற, செம்பு வேற."

ஈயத்தாது மிகவும் கனமானது, பருமணியாகவே பிரிவது. நம் மலைச் செம்போ பாறைக்குள் பொடிப்பொடியாய்ப் புதைந்தது. மாவாக அரைத்தால்தான் விடுபடும். மாவான பின் துகளுக்கு எடை எங்கே, மேசைக்குப் பிடிப்பு எங்கே? சோதித்துப் பார்த்தேன். மேசையில் தங்கிய செம்பைவிடத் தோங்குக்குப் போன செம்பே அதிகம். அதே சகதியை நுரைக்கலத்தில் இட்டேன். பெரும்பகுதி மேலே வந்தது.

என்ன தம்பி, உரக்கச் சொல்லுங்கள். "கெமிக்கல் ஆத்துல போயிடும் லா அக்கா" என்கிறார். நியாயமான அச்சம், மழுப்ப மாட்டேன். கழிவைத் தேக்கக் கசியாத குளம் வேண்டும். அந்தத் தண்ணீர் மீண்டும் ஆலைக்கே வர வேண்டும். குளம் வெட்ட மனமில்லை என்றால் நுரை முறைக்குக் கை தூக்காதீர்கள். ஆனால் மேசையிலிருந்து ஓடும் செம்புச் சகதியை மட்டும் எந்த மீன் வரவேற்கப் போகிறது?

முறைகளில் உயர்வு தாழ்வு கிடையாது. நம் செம்பு பருமணியாக இருந்திருந்தால், மேசைக்கே முதல் மாலை போட்டிருப்பேன். காற்றும் நீரும் பட்டுப் பச்சை படிந்த செம்பாக இருந்தால் நுரையும் எளிதில் பணியாது. பாறை எதைக் கேட்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். நம் பாறை நுரையைக் கேட்கிறது.

கை தட்ட வேண்டாம். ஐயாவுக்கு இது வருத்தம் தரும். சொல்லும் எனக்கும் வருத்தமே. அவர் கையால் பொன்னாடை வாங்கிக்கொண்டு, அவர் எதிரிலேயே அவர் சொல்லை மறுப்பது முறையல்ல. அதனால்தான் தடுத்தேன்.

தலைவர் எழுகிறார். அமைதி காப்போம். "அந்தத் தோங்க கொட்டிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறார்.

இல்லை ஐயா, மூடி வைத்திருக்கிறேன்.

"கொட்டிறாதீங்க. அது சங்கத்துச் செம்பு" என்கிறார். அவர் வலக்கை உயர்ந்திருக்கிறது. இடக்கையில் பொன்னாடை.

உறுப்பினர்களே, இனி முடிவு உங்கள் கைகளில். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, வணங்கி, தலைவர் முன் தலை குனிகிறேன். போர்த்துங்கள் ஐயா.