டாக்டர் ஒரோசியா பெல்சுவே அம்மையாருக்கு, கேட்ட இரண்டு கையொப்பங்களுடன்

எலும்பின் இயல்பை எண்ணித் தெளிந்தவரே! நரம்பின் நடையை நாடிப் பிடித்தவரே! ஸ்பெயினின் எப்ரோ ஆற்றங்கரையில் எழுந்து நிற்கும் எங்கள் மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியரே! அரகோன் மண்ணுக்கே உரிய பிடிவாதத்தின் பெருமாட்டியே! அன்பையும் அச்சத்தையும் ஒரே பார்வையில் ஊட்டிய எங்கள் டாக்டரம்மா! விடைபெறும் இந்நாளில் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

நாற்பத்தோராண்டுகளுக்கு முன், குளிர்காற்று பற்களைக் கிட்டவைத்த ஒரு காலையில் தாங்கள் இக்கல்லூரி வாசலை மிதித்தபோது, காவலர், "நர்சம்மாவுக்கெல்லாம் பின்வாசல்" என்றாராம். "நான் பாடம் எடுக்க வந்திருக்கேன். பின்வாசல்ல கரும்பலகை இருக்கா?" என்றீர்களாம். அரகோன்காரர் ஆணியைத் தலையாலேயே அடித்து இறக்குவார் என்று ஊரார் சொல்வதுண்டு. ஆணி இறங்கியது; தங்கள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனிதக் கையை மட்டுமே இருபத்தாறு ஆண்டுகள் ஆராய்ந்து தாங்கள் வரைந்தளித்த படநூல், இன்று ஸ்பெயின் முழுதும் அறுவை மருத்துவர்களின் மேசையில் கிடக்கிறது. ஆயினும் எங்கள் தலையை வணங்கவைத்தது அந்நூலின் முப்பத்தேழாம் படத்தில் நேர்ந்த பிழையே! முதலில் திறந்த உடலில் கண்ட நரம்புக்கிளையை, எல்லார் கையிலும் உண்டு என்று வரைந்துவிட்டீர்கள். அது ஒன்பது பேரில் ஒருவருக்கே உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் தாங்களே கண்டீர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. தாங்களோ நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பிரதியிலும் "இது என் தவறு" என்று சீட்டு ஒட்டினீர்கள்.

அனைத்துப் புனிதர் நாளில் 'புனிதர் எலும்பு' என்னும் பாதாம் இனிப்பைப் பெட்டி பெட்டியாய் வாங்கி வருவீர்கள். "நடுவுல மஜ்ஜை வெச்சிருக்கான், சரி. மூட்டு எங்க போச்சு?" என்று மிட்டாய்க்கடைக்காரரை ஆண்டுதோறும் வைதபடியே மூன்று தின்பீர்கள்.

தாங்கள் வகுத்த வழக்கம் ஒன்று இந்த உடற்கூறாய்வுக் கூடத்தில் சட்டமாக நிற்கிறது. பாடத்துக்காகத் தம் உடலைத் தந்துவிட்டு மேசையில் கிடப்பவர்மீது கத்தி வைக்குமுன், பிறர் வீட்டு வாசலில் நிற்பவரைப் போல, "உள்ள வரலாங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கேட்காமல் சிரித்த ஒருவரை, "வெளிய போய் நின்னுட்டு வா. இவங்க வீட்டுக்குள்ள இப்படியா நுழைவே?" என்று துரத்தினீர்கள்.

இனி, நெஞ்சில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறோம். மூன்று வாரங்களுக்கு முன், தங்கள் காலத்துக்குப் பின் தங்கள் உடலை இக்கூடத்துக்கே தருவதாகப் படிவம் எழுதிக் கொண்டுவந்தீர்கள். சாட்சிகளாக எங்களில் இருவர் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் அது வெறும் காகிதம். கூடம் காக்கும் சில்வேரியோ, "மூக்குக்கண்ணாடி வீட்டுல இருக்குங்கம்மா" என்றார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. இம்மடலை எழுதும் துணைப் பேராசிரியன் பல்தசாராகிய நானோ, பேனாவில் மை இல்லை என்றேன்.

"ஏன்டா பல்தசார், இருபது வருஷமா ஊரார் உடம்பையெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டிருக்கே. அவங்க புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களே, அவங்களுக்குக் கை நடுங்கலையா?" என்றீர்கள்.

வேறு கூடத்துக்குப் போகத் தங்களுக்கு மனமில்லை என்று அறிந்தும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அதை இங்கே எழுத வெட்கப்படவில்லை.

அம்மையீர்! இன்று காலை நாங்கள் இருவரும் கையொப்பமிட்டோம். சில்வேரியோ கண்ணாடியை மூக்கில் இறக்கி, மூன்று முறை படித்த பின்பே இட்டார். முத்திரை பதித்த அப்படிவத்தை இம்மடலின் மரச்சட்டத்துக்குள், பின்புறமாக வைத்து ஆணி அறைந்திருக்கிறோம். அவ்வாணிகளை நெடுங்காலம் எவரும் தொடாதிருக்கட்டும்! தங்கள் கை வலுவும் கண் தெளிவும் நாவின் காரமும் குன்றாதிருக்கட்டும்! என்றோ ஒருநாள், இக்கூடத்தில் அன்று நிற்பவர் எவராயினும், "உள்ள வரலாங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டே தொடங்குவர், இது எங்கள் உறுதி.

அதுவரை எங்களை வாசலிலேயே காக்கவையுங்கள்!

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
உடற்கூறியல் துறையினர்