இன்னொரு மீன்கொத்தி

— ஏங்க, இன்னும் பனியனோடவே உக்காந்திருக்கீங்க? பத்து மணிக்குப் புதுக் கப்பல்ல கொடி ஏத்திடுவாங்க. வண்டி கீழ வந்து நிக்குது.

— இந்தா பாரு, வரலைன்னா வரலை. அந்தக் கப்பல் முகத்துலயே முழிக்க மாட்டேன்.

— உங்களுக்கு அது கப்பல். நம்ம பொண்ணுக்கு அது முதல் வேலை. என்ஜின் ரூம் அதிகாரியா யூனிபார்ம்ல நிப்பா, அப்பா எங்கன்னு தேடுவா.

— அவ மேல எனக்கென்ன கோபம்? பேருதான் பொறுக்கலை. மீன்கொத்தின்னா அது என் மீன்கொத்தி. பதினாறு வருஷம் அதுல இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். புயல்ல அண்டா கவுந்தப்பகூட கரண்டியை விடலை.

— ஆமா, கரண்டியைக் காப்பாத்திட்டீங்க, சூப்பு கேப்டன் மேல போச்சு.

— சிரிக்காத. அதை உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டு ரெண்டு வருஷம் ஆகலை. அதுக்குள்ள பேரை எடுத்து இன்னொண்ணுக்கு எழுதிட்டாங்க. வேற பேரா கிடைக்கலை?

— பொண்ணு சொன்னாளே, காதுல வாங்கினாத்தானே! இந்த வரிசைப் போர்க்கப்பலுக்கெல்லாம் பறவைப் பேருதானாம். பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் கடல்ல ஓடிக்கிட்டிருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு கப்பலுக்கு ஒரே பேர் வைக்க மாட்டாங்க. மிச்சம் என்ன இருக்கு, கோழியா?

— வைக்கட்டுமே! எதிரி சிரிச்சே செத்துப் போவான்.

— பேர் வைக்கிற குழு சும்மா எடுக்கலைங்க. நல்ல பேர் வாங்கின கப்பலாப் பார்த்துத்தான் அந்தப் பேரைத் திரும்ப வைப்பாங்களாம். வெள்ளத்துல தொள்ளாயிரம் பேரை ஏத்திக்கிட்டு வந்துச்சே உங்க கப்பல், அதுக்காக. பழைய மணியைக்கூடப் புதுசுல மாட்டியிருக்காங்க.

— மணியையுமா? அடப்பாவிங்களா!

— பேர் அழியக் கூடாதுன்னுதானே?

— இந்தா பாரு, போனது போனதுதான். புதுசா ஒண்ணு வந்து அதே பேரை வச்சுக்கிட்டா, முன்னாடி இருந்ததை எல்லாரும் மறந்துடுவாங்க. இது திருட்டு.

— திருட்டா?

— சுத்தத் திருட்டு.

— சரி. அப்ப நானும் திருடிதான்.

— நீ எங்க வந்தே நடுவுல?

— நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு, நாலு வயசுப் பொண்ணு உங்க காலைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. 'இவங்களை என்னன்னு கூப்பிடறது'ன்னு கேட்டுச்சு. 'அம்மான்னு கூப்பிடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தப் பேரை வச்சிருந்தவங்க, அதைப் பெத்தவங்க, போய்ச் சேர்ந்து அப்ப ரெண்டு வருஷம்கூட ஆகலை. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் அந்தப் பேரை வாங்கிக்கிட்டேன். அதனால அவங்களை மறந்துட்டோமா? தினமும் தூங்க வைக்கிறப்ப அவங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லி வளர்த்ததே நான்தானே?

— அதுவும் இதுவும் ஒண்ணா?

— ஒண்ணுதாங்க, சொல்லுங்க. நான் திருடியா?

— அந்த வெள்ளைச் சட்டையை எடு.

— மொதல்ல கண்ணைத் துடைங்க.

— வாயடிக்காம கெளம்பு. உன் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா.