ஊசி போட்டும் வளராத தங்கைக்காக வாதாடிய அக்காவுக்கு

அன்பும் அளவும் அறிந்த அக்காவே! உயரம் அளக்கும் அறையில் முப்பத்தோராண்டு ஓயாது உழைத்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமைச் செவிலியரே! குதிகால் சுவரில் படாத குழந்தையை ஒருபோதும் அளக்காதவரே! நாங்கள் கேலியாகச் சூட்டிய ‘மில்லிமீட்டர் அக்கா’ என்னும் பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்ட பெருந்தகையே! வணக்கம்.

தங்கள் பணிகளையெல்லாம் அடுக்கிச் சொல்ல எங்களால் ஆகாது. ஒன்றை மட்டும் சொல்லி அமைகிறோம்.

அக்காள் தங்கை இருவர் வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்காக நம் பிரிவுக்கு வந்தார்கள். எடைக்கேற்ப இருவருக்கும் ஒரே கணக்கில்தான் மருந்து. ஓராண்டில் மூத்தவள் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தாள். இளையவள் நான்கைக்கூட எட்டவில்லை. வீட்டில் ஊசி போடும் தாய்தான் அதைத் தவறவிடுகிறார் என்று டாக்டர் முதல் ஊழியர் வரை நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். சின்னவள் என்றால் அவருக்கு இளக்காரம் என்றுகூட எங்களில் ஒருவர் சொன்னதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறோம்.

“இனிமே நீங்களே போடுங்க சிஸ்டர். அப்பவாச்சும் நம்புவீங்கல்ல?” என்றார் அந்தத் தாய்.

தாங்கள் ஒப்புக்கொண்டீர்கள். ஆறு மாதம், விடுமுறை நாளும் விடாமல், மாலைதோறும் அவர்கள் வீட்டுக்கே போய்த் தங்கள் கையால் ஊசி போட்டீர்கள். மாதந்தோறும் மும்முறை அளந்தீர்கள். வளர்ச்சி கூடவில்லை. குறிப்பேட்டை டாக்டரின் மேசையில் விரித்து வைத்தீர்கள்.

“மருந்து ஒழுங்கா உள்ள போயிருக்கு டாக்டர். உடம்புதான் அது பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அம்மாவைக் குடையறதை விட்டுட்டு மரபணுவைப் பாருங்க.”

பார்த்தார்கள். ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை உருவாக்கும் மரபணுவில் ஒரு மாற்றம். மூத்தவளுக்கு அது இல்லை. இளையவளுக்கு மட்டும் தந்தை வழியாக வந்திருந்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தாள். அக்காளின் உயரத்தை அவள் எட்டவில்லை; எட்டியதாக இங்கே எழுதினால் தாங்களே திருத்தச் சொல்வீர்கள்.

மரபணுச் சோதனையின் முடிவு வந்த அன்று டாக்டர் எழுந்து நின்று, “மன்னிச்சிடுங்கம்மா, உங்களைச் சந்தேகப்பட்டது எங்க தப்பு” என்றார். அந்தத் தாய் தங்கள் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். அன்றுமுதல் இப்பிரிவில், வளராத குழந்தைக்காக எந்தத் தாயையும் நாங்கள் குற்றவாளியாக்கியதில்லை.

உடல்நலமும் உள்ளநிறைவும் குன்றாது தாங்கள் நெடுங்காலம் வாழ்க! நாளை அந்த அறையில் வேறொருவர் நிற்பார். எங்கள் கண்களுக்குப் பழகச் சில நாளாகும்.

என்றும் தங்கள் அன்பில்,
குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள்