மழை கேட்கும் பானை

அந்த ஆட்டுத்தோலின் மீது உட்காருங்கள், அம்மா. தரைக்குளிர் ஏறாது. கிழங்கு சூப் இருக்கிறது. ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, தினமும் மிஞ்சிவிடுகிறது.

எங்கள் ஊற்றில் தவளைகள் ஏன் செத்தன என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தித்திக்காக்கா ஏரியில் அவை செத்த கதை உங்களுக்கே தெரியும். நகரத்துச் சாக்கடை பாதியைக் கொன்றது. மீதியைச் சந்தையில் தோலுரித்துச் சாறடித்துக் குடித்தார்கள். இந்த மலையடி ஊற்றில்தான் கொஞ்சம் பிழைத்திருந்தன.

மழை தவறினால் அவற்றைப் பானையில் போட்டு மலையுச்சியில் வைப்போம். தண்ணீர் இல்லாமல் அவை கத்தும். அந்த அழுகைக்கு வானம் இரங்கும். பானை நிரம்பி வழியும்போது அவை தாமே குதித்து ஊற்றுக்குத் திரும்பும். பிடித்துவருவது என் பொறுப்பு. வெளியூர் போனவர்களெல்லாம் அந்தச் சடங்குக்கு வந்து, மழை வரும்வரை இருந்தாக வேண்டும். வராதவனுக்கு ஊரில் நிலம் கிடையாது. ஹுலியாக்கா நகரத்தில் மினிபஸ் ஓட்டும் என் மகன் எலேயுதேரியோவும் வருவான். அவன் அம்மா செத்துப்போன பிறகு வேறு எதற்கும் அவன் வந்ததில்லை.

ஒரு வருடம் பானையை உச்சியில் வைத்ததுமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் அவன் பையைத் தூக்கிவிட்டான்.

"அதுக்குள்ளயாடா?"

"மழைதான் வந்துருச்சேப்பா, இனி எனக்கு இங்க என்ன வேலை? உன் தவளைங்க ரொம்பச் சுறுசுறுப்பு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் வருடம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை பானையடியில் ஈரப்பாசியைத் திணித்தேன். சுகமாக இருக்கும் தவளை எதற்கு அழப்போகிறது? மகன் இரண்டு வாரம் தங்கினான். கூரையைச் சரிசெய்தான். "உப்புன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமாப்பா?" என்று என் சூப்பைக் கிண்டல் செய்தான். நான் இரண்டு தட்டுகள் கழுவினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. பிறகு பாசி காய்ந்தது, அவை கத்தின, மழை வந்தது, அவன் போனான்.

ஆகவே போன வருடம், ஆடுகளுக்கு உண்ணி போகத் தேய்க்கும் மருந்தை ஊற்றுக்கண்ணில் ஊற்றினேன். கோபமெல்லாம் இல்லை. அவை வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் கோக்கா இலை வைத்துப் புதைத்தேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. இந்த சூப்புக்கு நான் ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவில்லை, தைரியமாகக் குடியுங்கள்.

தவளை ஒன்றுகூட அகப்படவில்லை என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் தேடினார்கள். மகனும் தேடினான், ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு இருந்தான். மழை வரவில்லை. எஞ்சிய பயிரைப் புழுக்கள் தின்றன, அவற்றைத் தின்று குறைக்கத் தவளைகள் இல்லை. பக்கத்து வீட்டுச் சத்துர்னினாவின் ஆடுகள் ஊற்றில் குடித்துச் செத்தன. அவளுடைய கடைசிப் பிள்ளையும் குடித்துவிட்டது. காய்ச்சிக் குடிக்கச் சொல்லித்தான் இருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. வயிற்று நோய் என்று அடக்கம் செய்தார்கள். சின்னப் பெட்டி. ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் என் மகன். திரும்பும்போது அவன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தான். சிறுவயதுக்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை.

இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சத்துர்னினாவும் போய்விட்டாள். தவளையும் இல்லை, சடங்கும் இல்லை, யாரும் வர வேண்டாம் என்று ஊர்த்தலைவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நிலமும் இனி யாருக்கும் வேண்டாமாம்.

என் மகன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். வெளியே பாருங்கள், ஒரு மேகமும் இல்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சூப்பில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், அம்மா. மழை பெய்யாத வருடத்தில் அவன் வராமல் இருந்ததில்லை.