வாரேன் என்றவர்

ராத்திரி பத்தரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு ராஜபாளையம் போகிற ரோடு. ரெண்டு பக்கமும் புளியமரம். ஆடிக் காற்று ஒவ்வொரு மரத்தையும் பிடித்து உலுக்குகிறது. ஊருக்குள் வருகிற பஸ்ஸெல்லாம் கூட்டத்தில் பிதுங்குகிறது. ஊரை விட்டுப் போகிற பஸ்ஸில் ஆளே இல்லை. பின் சீட்டில் ஒருத்தன் மட்டும். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டைத் திறந்து திறந்து மூடுகிறான்...

அவன் பேர் சோலைராஜ். என் கூட்டாளி கருத்தப்பாண்டிக்குச் சித்தி மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. இது நடந்த வருஷம் எண்பத்தெட்டாக இருக்கலாம், எண்பத்தொன்பதாகவும் இருக்கலாம். கருத்தப்பாண்டி எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற ஆள். இதை மட்டும் சிரிக்காமல் சொன்னான். அதனால்தான் நான் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சோலைராஜ் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தது ஒரே ஒரு எழுத்து. 'வா'.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவன் பொண்டாட்டி வெள்ளத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டாள். இவனுக்குக் கம்பெனியில் அவசர ஆர்டர். சோறு தின்றுகொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு, "போறதுன்னா ஒரேயடியாப் போயிருட்டி. போ!" என்று சொல்லிவிட்டான். அவள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, நடந்துவிட்டாள். பிள்ளை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அவள் அம்மா அய்யம்மாள், "ஆடிக்கு வந்திருக்கா" என்று சமாளித்தாள். ஆடி முடிந்தால் என்ன சொல்லுவாள்? சமாதானம் பேசப் போன பெரியவரிடம் வெள்ளத்தாய் ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பினாள்.

"போன்னு அவுக வாயாலதான சொன்னாக? அதே வாயால வான்னு சொல்லட்டும். வாரேன். சொல்லலைன்னா ஆடி போயி ஆவணி வந்தாலும் நான் இங்கதான்."

அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் சோலைராஜ் அந்த ஜாதி மனுஷன் இல்லை. வாழ்க்கையில் யாரையும் 'வா' என்று கூப்பிட்டுப் பழக்கமில்லாதவன். கையைக் காட்டுவான், தொண்டையைச் செருமுவான். அவ்வளவுதான். அதனால்தான் பஸ்ஸில் பயிற்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியவன் எதற்கு ராஜபாளையம் போனான் என்று கேட்பீர்கள். விடிந்தால் ஆடிப்பூரம். எந்த லாட்ஜிலும் இடமில்லை. சத்திரம், கடை வாசல், கோயில் மதிலோரம், எங்கும் ஆள் படுத்துக் கிடக்கிறது. மாமியார் வீட்டுக் கதவை அந்நேரத்தில் தட்ட ரோஷம் விடவில்லை. அதனால் அடுத்த ஊர்.

அங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கி, கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு மாடிப்படி. பேர் சொல்ல வேண்டாம். மேஜைக்குப் பின்னால் சேதுபதி என்று ஒருத்தர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ரூம் இல்லப்பா."

"எம்புட்டு சின்னதா இருந்தாலும் சரி அண்ணாச்சி. விடிஞ்சதும் கிளம்பிருவேன்."

சேதுபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு கெடக்கு. ரூமுன்னு சொல்லக்கூடாது. கதவு வச்ச பீரோன்னு வச்சிக்க."

"நானும் சின்ன ஆளுதான் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கதவு பாதிதான் திறந்தது. கட்டில் இடித்தது. பக்கவாட்டில் நுழைந்து, கட்டில் மேல் ஏறி, அப்புறம்தான் கதவைச் சாத்த முடிந்தது. நிற்க இடமில்லை. மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் ஹார்டுபோர்டு அட்டை. ஒரு அறையை ரெண்டாக அடைத்திருக்கிறார்கள். அட்டை மேலே கூரை வரை எட்டவில்லை. அந்த இடைவெளிக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். சுவிட்சைத் தேடினான். காணவில்லை. வெளியே தலையை நீட்டிக் கேட்டான்.

"சுவிட்சு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு," என்றார் சேதுபதி. "விடிய விடிய எரியும். மூஞ்சிய மூடிப் படு."

படுத்தான். தூக்கம் வரவில்லை. காற்று அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகப் புகுந்து அட்டையை மெதுவாக உள்ளே தள்ளும். பிறகு விடும். மூச்சு விடுகிற மாதிரி... புரண்டு படுத்தால் முழங்கை சுவரில் இடிக்கும், மறுபக்கம் புரண்டால் அட்டையில் இடிக்கும். மூட்டைப்பூச்சி வேறு. எழுந்து உட்கார்ந்தான். படுத்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

அப்போது அந்தச் சத்தம்.

பர்ர்ர்ர்ர்...

துணி கிழிக்கிற சத்தம். நீளமாக, நிதானமாக. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும், பர்ர்ர்ர்ர்... துணி வெட்டிப் பிழைக்கிறவனுக்குச் சத்தமே போதும். சேலை இல்லை, வேட்டி இல்லை. இழை விட்டு இழை நெய்த பேண்டேஜ் துணி. கூடவே டிஞ்சர் வாசனை. சின்ன வயதில் கீழே விழுந்த காயத்தில் தடவுவார்களே, மூக்கில் ஏறுகிற அந்த வாசனை.

அந்தச் சுற்றுவட்டாரமே பேண்டேஜ் நெய்கிற ஊர்தானே. எவனோ வியாபாரி சாம்பிள் கிழித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தான். அந்நேரத்தில் தனக்கு ஒரு துணை முழித்திருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

டக்.

லைட் அணைந்தது. பரவாயில்லையே, நல்ல மனுஷன், என்று நினைத்துக்கொண்டான்.

இருட்டு வந்ததும் சோலைராஜுக்குக் கூச்சம் போய்விட்டது. அட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தான். அதையே வெள்ளத்தாயாக நினைத்துக்கொண்டான். முதலில் வாய்க்குள்ளே. பிறகு கொஞ்சம் சத்தமாக.

"வா."

நன்றாக இல்லை. அதட்டுகிற மாதிரி இருந்தது. குரலை இறக்கினான்.

"வா... நம்ம வீட்டுக்கு வா."

துணி கிழிக்கிற சத்தம் நின்றது.

"கோவத்தில சொல்லிட்டேன். மனசில வச்சுக்காத. வா..."

"வாரேன்."

அட்டைக்கு அந்தப் பக்கம். அவன் முகத்துக்கு நேராக. அதே உயரத்தில்.

சோலைராஜுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பயத்தில் இல்லை, வெட்கத்தில். இந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறானே! அப்புறம் யோசித்தான். செங்கோட்டைப் பக்கம் ராத்திரி பஸ் பிடிக்கிற ஆளாக இருக்கும். கிளம்புகிறான். பக்கத்தில் ஒரு மனுஷன் முழித்திருக்கிறானே என்று சொல்லிக்கொண்டு போகிறான். நம்மூரில் கிளம்புகிறவன் 'வாரேன்' என்றுதானே சொல்லுவான்? 'போறேன்' என்றா சொல்லுவான்?

சொல்லிக்கொண்டு போகிறவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி அண்ணாச்சி... வாங்க."

அட்டை மெதுவாக இவன் பக்கம் உப்பியது. காற்று இல்லை அப்போது. உப்பியது... திரும்ப அடங்கியது.

டிஞ்சர் வாசனை இந்தப் பக்கம் வந்தது.

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும், மூடும் என்று காத்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கால்மாட்டில் மட்டும், நெருக்கமான இடத்தில் ஒரு ஆள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தால் எப்படி அசையும்... அப்படி ஒரு தடவை கட்டில் அசைந்தது.

கிரீச்.

போர்வையை இழுத்து மூடியவன் விடிகிற வரை அதை எடுக்கவில்லை.

விடிந்ததும் சாவியைக் கொடுக்கப் போனான். சேதுபதி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து ஆளு ராத்திரியே கிளம்பிட்டாரு போல அண்ணாச்சி."

"எந்தப் பக்கத்து ஆளு?"

"அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தாரே."

சேதுபதி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அந்தப் பக்கத்துக்கு வாசல் ஏதுய்யா? ஒரு ரூமு, ஒரு வாசல். அது நீ படுத்திருந்த பக்கம் வந்துருச்சு. மொதலாளி அடைக்கச் சொன்னாரு, அடைச்சோம். ஏன் எதுக்குன்னு நான் கேக்கல."

"லைட்டை அணைச்சாரே... பேசினாரே..."

"என்ன பேசினாரு?"

"வாரேன்னாரு."

"நீ?"

"வாங்கன்னேன்."

சேதுபதி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தச் சொல்ல இனி வாயில எடுக்காத. கூப்பிட்டாத்தான் வருவாரு. கூப்பிடுத எடத்துக்குத்தான் வருவாரு. இன்னொருக்கா எங்கயும் நின்னு கூப்பிட்டுராத. போயிரு."

பஸ்ஸில் உட்கார்ந்தான். பக்கத்து சீட் காலி. கூட்டம் நெரிகிறது, ஆனால் யாரும் அதில் உட்காரவில்லை. வருகிறவர்கள் குனிகிறார்கள், மூக்கைச் சுளிக்கிறார்கள், நகர்ந்து போகிறார்கள். வழியெல்லாம் அந்த டிஞ்சர் வாசனை.

மாமியார் வீட்டு வாசல். அய்யம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மருமகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் சோலைராஜ் அப்படியே திரும்பியிருப்பான். அன்றைக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

வெள்ளத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அவள் காலடியில் பை. துணியெல்லாம் மடித்து, கட்டி, தயாராக இருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

இவன் வாயைத் திறந்தான். காதுக்குப் பின்னால் லேசாக ஒரு மூச்சு. கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற மூச்சு.

வாயை மூடிக்கொண்டான்.

"ஒரு எழுத்து," என்றாள் வெள்ளத்தாய். "ஒரே ஒரு எழுத்து. போன்னு சொல்லத் தெரிஞ்ச வாயிக்கு இது வரலையோ?"

கையைக் காட்டினான். தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதையும் பார்த்தாள். ஆனாலும் அசையவில்லை.

"ஏட்டி, உள்ள போ," என்றாள் அய்யம்மாள். "ஊமைக்கு வாக்கப்பட்டோம்னு நெனச்சுக்க."

வெள்ளத்தாய் குனிந்து பையை எடுத்தாள். உள்ளே திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்ததும் சோலைராஜுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது விட்டால் அவ்வளவுதான்.

அந்த நேரம் கோயில் பக்கம் அதிர்வேட்டுப் போட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக. தெருவே குலுங்கியது. ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது. பிள்ளை வீரிட்டது. வெள்ளத்தாய் பதறித் திரும்பினாள். அந்தச் சத்தத்துக்குள்ளே, அவள் கண்ணைப் பார்த்து, சோலைராஜ் சொல்லிவிட்டான்.

"வா! வீட்டுக்கு வா!"

அவன் காதுக்கே கேட்கவில்லை. உதட்டை அவள் பார்த்தாள். அது போதுமாக இருந்தது அவளுக்கு. அழுதுகொண்டே சிரித்தாள். "வேட்டுச் சத்தத்திலதான் சொல்லணுமாக்கும்!"

கிளம்பினார்கள். திருப்பூர் வரைக்கும் சோலைராஜ் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தான். வாசனை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தான்.

ஆனாலும் அந்த வீட்டில் அந்தச் சொல் நின்றுபோனது. பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிடுவான். வீட்டுக்கு ஆள் வந்தால் "உக்காருங்க" என்பான். வெள்ளத்தாயிடமும் சத்தியம் வாங்கிப் பழக்கிவிட்டான். காரணம் சொல்லவில்லை. அவளும், ஒரு தடவை சொன்னதிலேயே மனுஷனுக்குத் தீர்ந்துபோச்சு போல, என்று கேலி பேசிவிட்டு விட்டுவிட்டாள். வரிசை வீடு, ஒரே அறை. அந்தச் சுவருக்குள் அந்த எழுத்தை யாரும் சொன்னதில்லை. பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்ததே இல்லை.

மாசி மாதம். ஒரு ராத்திரி கரண்ட் போனது. வெள்ளத்தாய் சிம்னி விளக்கைப் பொருத்தி வைத்தாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று திரும்பி, மூலைச் சுவரைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு சிரித்தது. ரெண்டு கையையும் நீட்டியது. அதுவரைக்கும் அம்மா என்றுகூடச் சொல்லாத பிள்ளை. முதல் பேச்சு.

"வாங்க."

"ஏங்க, பிள்ள பேசிருச்சு!" வெள்ளத்தாய் துள்ளிவிட்டாள். "எம்புட்டு மரியாதையாப் பேசுது பாருங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

சோலைராஜ் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது, தான் உட்கார்ந்திருந்த பாயில்... கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.